மிச்சக் குளிசை

ஆசிரியர் அவர்களுக்கு,

போன மாதம் என் அம்மாவுக்குச் சிறுநீரில் கிருமி. டொக்டர் எழுதிக் கொடுத்த சிப்ரோபுளொக்சசின் குளிசையை இரண்டு நாள் போட்டார். எரிவு குறைந்ததும் மிச்சத்தைப் பக்கத்து வீட்டு மாமிக்குக் கொடுத்துவிட்டார். மாமிக்கு இருந்ததோ வெறும் தடிமல். அது வைரசால் வருவது; பற்றீரியாவைக் கொல்லும் இந்த மருந்து அதற்கு வேலையே செய்யாது. துண்டு இல்லாமலே இதை விற்கிற பாமசிகளும் உண்டு. எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

பற்றீரியா அடி வாங்கிக்கொண்டு சும்மா இருப்பதில்லை. இந்த மருந்து, சிறுநீரில் தொற்றும் ஈ.கோலை என்ற பற்றீரியாவின் டி.என்.ஏயை உடைக்கும். உடைந்ததும் ரெக்ஏ என்ற புரதம் செயற்படத் தொடங்குகிறது. அதுவரை பல மரபணுக்களைப் பூட்டி வைத்திருந்த லெக்ஸ்ஏ என்ற புரதம் தன்னைத் தானே வெட்டிக்கொள்கிறது. சரி, பூட்டுக் கழன்றால்? சில மரபணுக்கள் உடைவைத் திருத்துகின்றன. வேறு சில, டி.என்.ஏயைப் பிழையோடு பிரதி எடுக்கும் புரதங்களைத் தருகின்றன. அந்தப் பிழைகளில் ஒன்று மருந்தையே வெல்வதாக அமைந்துவிடலாம். பூட்டுக் கழன்ற இன்னொரு மரபணு தரும் டிஸ்பி என்ற சிறு புரதம் கலத்தின் சக்தியைக் குறைத்து அதை உறங்க வைக்கிறது. உறங்கும் கிருமியை மருந்தால் இலகுவில் கொல்ல முடியாது. பெனிசிலினுக்குத் தப்பிக் கிடந்த கிருமிகளைப் பற்றி ஜோசப் பிகர் என்ற பற்றீரியா ஆய்வாளர் 1944இலேயே எழுதி வைத்தார்.

மட்டக்களப்பில் பாமசிகளை அதிகாரிகள் ஒழுங்காகச் சோதிக்க வேண்டும். அப்புறம், எத்தனை நாள் போட வேண்டும் என்பதைக் குளிசை உறையில் தமிழில் பெரிதாக எழுதிக் கொடுங்கள். அம்மாவுக்கு அந்த உறையில் எதுவும் விளங்கவில்லை.

வாசகி,
ஆரையம்பதி