எந்தப் புதுக்குடியிருப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

செய்தியில் ஓர் ஊரின் பெயர் வந்தால் பக்கத்தில் மாவட்டத்தின் பெயரையும் போடுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். "புதுக்குடியிருப்பில் விபத்து, இருவர் காயம்" என்று தலைப்புப் போட்டால் எந்தப் புதுக்குடியிருப்பு என்று நினைப்பது? முல்லைத்தீவில் ஒன்று, மட்டக்களப்பில் ஒன்று, மன்னார்த் தீவில் இன்னொன்று. கல்லடி என்றதும் எல்லாருக்கும் மட்டக்களப்புப் பாலம்தான் ஞாபகம் வருகிறது. எங்கள் திருகோணமலை மாவட்டத்தில், வெருகல் பக்கத்தில், மலைநீலியம்மன் கோவில் உள்ள கல்லடியும் ஊர்தானே.

நான் தபாற்கந்தோரில் கடிதம் தரம் பிரித்தவன். "கல்லடி, கிழக்கு மாகாணம்" என்று மட்டும் எழுதிய உறை மட்டக்களப்புப் பைக்குள் போகும். அங்கே ஆளைத் தேடிப் பார்த்து, சிவப்புப் பேனையால் குறுக்கே கோடிழுத்துத் திருப்பி அனுப்புவார்கள். அது வெருகலுக்குப் போய்ச் சேரும்போது உள்ளே இருக்கும் நேர்முகப் பரீட்சைத் திகதி கடந்திருக்கும். எழுதியவரைக் குறை சொல்ல மனம் வராது. அவருக்குத் தெரிந்த கல்லடி ஒன்றுதான்.

இந்தச் சிக்கலை நிறையவே பட்ட நாடு அமெரிக்கா. வில்லியம் பிஞ்சன் 1636இல் மாசசூசெட்ஸில் தொடங்கிய குடியேற்றத்துக்கு, இங்கிலாந்தில் அவருடைய சொந்த ஊரான ஸ்பிரிங்ஃபீல்டின் பெயர் வந்தது. சனம் மேற்கே நகர நகர ஒஹையோ, இலினோய், மிசூரி, ஓரிகன் என்று மாநிலத்துக்கு மாநிலம் ஒரு ஸ்பிரிங்ஃபீல்ட் முளைத்தது. ஓரிகனில் 1845இல் இரண்டு பேர் ஒரு புது ஊருக்குப் பெயர் வைக்க நாணயம் சுண்டினார்கள். ஒருவர் பொஸ்டன் என்றார், மற்றவர் தன் மெய்ன் மாநிலத்து போர்ட்லண்ட் என்றார். போர்ட்லண்ட் வென்றது. விட்டு வந்த ஊரின் பெயரையாவது கூடக் கொண்டுபோக வேண்டும் என்ற தவிப்பு எங்கள் சனத்துக்கும் நன்றாகத் தெரிந்ததுதான்.

அவர்கள் பெயர்களை அழிக்கவில்லை. ஒரே மாநிலத்துக்குள் ஒரே பெயரில் இரண்டு தபாற்கந்தோர் வரவிடாமல் தபால் திணைக்களம் பார்த்துக்கொண்டது. ஊருக்குப் பின்னால் மாநிலத்தின் பெயரை எழுதுவது வழக்கமாயிற்று, பத்திரிகைகளும் அப்படியே அச்சிட்டன. 1963இல் ஐந்து இலக்கத் தபால் குறியீடு வந்தது. அப்படியிருந்தும் நியூ ஜெர்சி மாநிலத்துக்குள்ளேயே பல வாஷிங்டன் டவுன்ஷிப்கள் இருந்தன. அவற்றில் மெர்சர் கவுண்டியில் இருந்த ஊரார் குழப்பம் தாங்காமல் 2007இல் வாக்கெடுத்து ரொபின்ஸ்வில் என்று மாற்றிக்கொண்டார்கள்.

எங்கள் நாட்டின் பழைய பெயரும் அங்கே இருக்கிறது. மினசோட்டாவில் ஒரு சிலோன், இந்தியானாவில் ஒரு சிலோன், ஒஹையோவில் ஒரு சிலோன். எல்லாம் மிகச் சிறிய ஊர்கள். ஜிம்மி கார்ட்டரின் உப ஜனாதிபதியாக இருந்த வால்டர் மொண்டேல் 1928இல் பிறந்தது மினசோட்டா சிலோனில். நாங்கள் 1972இல் பெயரை மாற்றிவிட்டோம், அவர்கள் மாற்றவில்லை.

புதுக்குடியிருப்பு என்ற பெயரை யாரும் மாற்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. முன்னோர் வைத்த பெயரில் கைவைக்க எவருக்கும் உரிமையில்லை. மாவட்டத்தைச் சேர்த்தால் போதும், அச்சில் ஒரு சொல்தான் கூடும்.

மரண அறிவித்தல்களில் இதை முதலில் செய்யுங்கள். "புதுக்குடியிருப்பைப் பிறப்பிடமாகவும் கல்லடியை வசிப்பிடமாகவும் கொண்ட" என்று வருகிறது. கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் உறவுகள் அதைப் படித்துவிட்டு, நம்மவர்தானா என்று நடுச்சாமத்தில் ஊருக்குக் கோல் எடுக்கிறார்கள். அப்படி வந்த அழைப்புகளுக்கு நானே பதில் சொல்லியிருக்கிறேன். அறிவித்தல் எழுதிக் கொடுக்க வருபவரிடம் உங்கள் விளம்பரப் பகுதியினர் "எந்த மாவட்டம்?" என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். படிவத்திலேயே அதற்கொரு கட்டம் போட்டுவிட்டால் கேட்க மறந்தாலும் விடுபடாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
உவர்மலை, திருகோணமலை.