கொரியக் கோழிக்கு இரு முறை எண்ணெய்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் சமையல் பகுதியில் வந்த கொரியக் கோழி வறுவல் குறிப்பில், மாவு பிரட்டிய துண்டுகளை ஒரே முறை பொரித்தால் போதும் என்றிருந்தது. அவ்வாறே செய்ததில், காரப்பாகில் புரட்டிய ஐந்தாம் நிமிடமே மேலோடு நமுத்துப் போயிற்று. சுமார் 160 டிகிரிச் சூட்டில் பொரித்தெடுத்து, சற்று ஆறவிட்டு, 180 டிகிரியில் மீண்டும் போட்டால்தான், உள்ளிருந்து கசிந்த ஈரம் வெளியேறி மொறுமொறுப்பு நிலைக்கும்.

கோச்சுஜாங் விழுதுக்குப் பதிலாக மிளகாய்த்தூளும் தக்காளிச் சாறும் போதும் என்பதும் ஏற்கத்தக்கதன்று. மிளகாய்த்தூளோடு பசையரிசியும் சோயாவும் சேர்த்துப் புளிக்கவைத்த பண்டம் அது. கவுனியரிசியின் பிசுபிசுப்பை அறிந்த எங்கள் வீட்டு ஆச்சி, அதை விரலில் தொட்டதுமே புரிந்துகொண்டார்கள்.

அடுத்த இதழில் திருத்தம் வெளியிடக் கோருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காரைக்குடி.