முழு அறிக்கையும் தமிழில் வேண்டும்: கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சுற்றுச்சூழல் அனுமதிக்காக மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தும் அதிகாரிகளுக்கும், அதற்கான விதிகளை டெல்லியில் உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கும்,

வணக்கம். நான் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஆங்கில ஆசிரியை. எங்கள் ஊர்க் கல்குவாரிகளுக்கான கருத்துக் கேட்பு போன மாதம் நடந்து முடிந்தது. எப்படி நடந்தது என்று மேடையில் இருந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஷாமியானா, தண்ணீர் பாட்டில், வீடியோ எடுக்க ஆள், ஓரமாக ஒரு போலீஸ் வேன், எல்லாம் முறைப்படி இருந்தன. எதைப் பற்றிக் கருத்துச் சொல்ல வந்தோமோ, அந்தச் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையை மட்டும் வந்திருந்த ஊர்க்காரர்களில் ஒருவரும் முழுதாகப் படித்திருக்கவில்லை. அது ஆங்கிலத்தில் இருந்தது.

அன்று தொகுப்பு வீட்டில் குடியிருக்கும் ஓர் அக்கா மைக்கைப் பிடித்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி. "இப்ப இருக்கிற குவாரியில வெடி வைக்கும்போதே சுவரு விரிஞ்சு கிடக்கு. புதுசா வர்றதுல இன்னும் விரியுமா, விரியாதா? அதை மட்டும் சொல்லுங்க." கம்பெனி சார்பில் வந்திருந்த கன்சல்டன்ட் கோபப்படவில்லை, மரியாதையாகத்தான் பதில் சொன்னார். "பீக் பார்ட்டிகிள் வெலாசிட்டி பெர்மிசிபிள் லிமிட்டுக்குள்ளதான்மா இருக்கும். மிட்டிகேஷன் மெஷர்ஸ் எல்லாம் ரிப்போர்ட்லயே இருக்கு." அக்கா ஒரு நிமிடம் நின்றார். பிறகு "சரிங்க சார்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். அந்த "சரிங்க சார்" கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் சம்மதம் என்று ஏறியிருக்குமோ என்பது என் பயம்.

அந்தப் பதிலுக்கு என்ன பொருள் என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன், இரண்டு நிமிட வேலைதான். வெடி வைத்தால் நிலம் அதிரும். அந்த அதிர்வில் மண் எவ்வளவு வேகமாக ஆடி அசைகிறது என்பதை நொடிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று அளக்கிறார்கள். அதன் உச்ச அளவுதான் கன்சல்டன்ட் சொன்னது. சுரங்கக்காரருக்குச் சொந்தமில்லாத செங்கல், சிமென்ட் வீடுகளுக்கு, அதிர்வெண்ணைப் பொறுத்து 5 முதல் 15 வரை போகலாம் என்று சுரங்கப் பாதுகாப்புத் துறை வரம்பு வைத்திருக்கிறது. வீட்டுக்கு வந்து சேரும் அதிர்வு இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. ஒரே நேரத்தில் எத்தனை கிலோ மருந்து வெடிக்கிறது, வீடு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது. இதைத் தமிழில் சொல்லியிருந்தால் அந்த அக்கா உட்கார்ந்திருக்க மாட்டார். "என் வீட்டை எத்தனை மீட்டர்னு போட்டுக் கணக்குப் பார்த்தீங்க?" என்று கேட்டிருப்பார்.

கேட்டிருக்க வேண்டும். ஏனென்றால், கூட்டம் முடிந்த பிறகு அறிக்கையில் இருந்த அதிர்வுக் கணக்கு அட்டவணையைத் தேடிப் பிடித்துப் பார்த்தேன். அருகிலுள்ள குடியிருப்பு என்று அதில் போட்டிருந்தது பழைய ஊரின் கோயில் தெருவை. குவாரிப் பக்கமாகக் கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடுகள் அந்தக் கணக்கில் இல்லவே இல்லை. அந்த வீடுகளுக்கு வரி ரசீது இருக்கிறது, மின் இணைப்பு இருக்கிறது, வாக்காளர் பட்டியலில் எண் இருக்கிறது. அறிக்கையில் மட்டும் அங்கே வெறும் நிலம். எங்கள் ஊரில் நாலாம் வகுப்புப் பிள்ளைகூட இந்தத் தப்பைக் கண்டுபிடித்திருக்கும், தமிழில் இருந்திருந்தால்.

அதனால்தான் கேட்கிறோம். முழு அறிக்கையும் தமிழில் வேண்டும்.

விதிப்படித்தான் நடந்தது என்று சொல்வீர்கள். விதியை நானும் படித்தேன். சுற்றுச்சூழல் அனுமதிக்கான மத்திய அரசின் 2006 செப்டம்பர் 14 அறிவிக்கையின்படி, வரைவு அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தால் போதும். அதன் சுருக்கம்தான் மாநில மொழியிலும் வேண்டும். அந்தச் சுருக்கமும் ஏ4 தாளில் 10 பக்கத்தைத் தாண்டக் கூடாது. பல நூறு பக்கத்தை 10 பக்கத்துக்குள் அடக்கும்போது எது உள்ளே வரும், எது வெளியே போகும் என்று யோசித்துப் பாருங்கள். திட்டத்தின் பயன்கள் உள்ளே வந்தன. வேலைவாய்ப்பு வந்தது. பசுமை வளையம் வந்தது. தூரக் கணக்கு வரவில்லை. கிணறுகளின் நீர்மட்ட அட்டவணை வரவில்லை. வந்த தமிழும் எப்படிப்பட்ட தமிழ் தெரியுமா? "தாவரங்கள் மற்றும் விலங்கினங்கள் மீதான பாதகமான தாக்கம் அற்பமானதாக எதிர்பார்க்கப்படுகிறது" என்று ஒரு வரி. எங்கள் ஊர்த் தலையாரி இதை இரண்டு முறை வாசித்துவிட்டு, "இது நல்லதா, கெட்டதா டீச்சர்?" என்று கேட்டார்.

அதே அறிவிக்கையில் இன்னொரு விதியும் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும், மக்கள் பேசியதை எல்லாம் தொகுத்து, வந்திருப்பவர்களுக்கு உள்ளூர் மொழியில் விளக்கிப் படித்துக் காட்ட வேண்டும். நாங்கள் பேசியதை எங்களுக்கே எங்கள் மொழியில் சொல்ல வேண்டுமாம். கம்பெனி எழுதியதை எங்கள் மொழியில் சொல்ல வேண்டியதில்லையாம். இந்த ஏற்பாட்டை யோசித்தவருக்கு ஒரு கும்பிடு.

ஆங்கில அறிக்கையையாவது பார்க்க முடிந்ததா என்றால், அது ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது, ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் இருக்கிறது, மாவட்டத் தொழில் மையத்தில் இருக்கிறது. அலுவலக நேரத்தில் போய்ப் பார்க்கலாம். எங்கள் ஊரில் பெரும்பாலோர் நூறு நாள் வேலைக்கும் கொத்து வேலைக்கும் போகிறவர்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பஸ் ஏறிப் போய், புரியாத புத்தகத்தைப் புரட்டிவிட்டு வர வேண்டும். எனக்கும் சனி, ஞாயிறுதான் ஒழியும். அந்த இரண்டு நாளும் அந்த அலுவலகங்கள் பூட்டியிருக்கும். இணையத்தில் ஏற்றியிருந்த பிரதியைத்தான் கடைசியில் செல்போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தேன். ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முடித்து இத்தனை வருடம் பாடம் நடத்துகிற எனக்கே நிலத்தடி நீர் அத்தியாயம் தலையைச் சுற்றியது. பதினெட்டுப் பட்டிக்கும் கருத்துச் சொல்லும் உரிமை கொடுத்திருக்கிறோம் என்று நீங்கள் சொல்வதைக் கேட்கும்போது சிரிப்புத்தான் வருகிறது.

அறிவியல் சொற்கள் மக்களுக்குப் புரியாது, அவற்றுக்குத் தமிழும் இல்லை என்று கூட்டத்தன்று ஒருவர் என்னிடம் சமாதானம் சொன்னார். அவர் திருப்பூர்ப் பக்கம் போயிருக்க மாட்டார். நொய்யல் ஆற்றுப் படுகையில் எந்த விவசாயியிடம் வேண்டுமானாலும் கிணற்றுத் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது அதில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, எவ்வளவு என்று கேளுங்கள், கயிற்றுக் கட்டிலில் இருந்து எழாமலே சொல்லுவார். சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கித் தேங்கி, பாசனத்துக்குக் கட்டிய அணையே விவசாயிகளுக்குப் பகையான பிறகு, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன வரைக்கும் நடந்த போராட்டத்தில், அவர்கள் அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டார்கள். டெல்டாவில் மீத்தேன், ஹைட்ரோகார்பன் என்பதெல்லாம் டீக்கடைச் சொற்கள். நெடுவாசலில் 2017இல் போராட்டப் பந்தலில் உட்கார்ந்திருந்த பாட்டிமார் அதையெல்லாம் ஆங்கிலப் பாடத்தில் படித்தவர்கள் இல்லை. சொல் ஆங்கிலமா தமிழா என்பது எங்களுக்கு ஒரு பிரச்சினையே இல்லை. கலைச்சொல்லைத் தமிழ் எழுத்தில் அப்படியே எழுதுங்கள், பக்கத்தில் இரண்டு வரி விளக்கம் போடுங்கள், மீதி வாக்கியம் தமிழில் இருக்கட்டும். கிணறு கெட்ட பிறகு கற்றுக்கொண்ட சொல்லை, கெடுவதற்கு முன்னாலேயே சொல்லிக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

செலவாகும் என்பீர்கள். பல நூறு பக்கத்தை ஆங்கிலத்தில் எழுதக் கன்சல்டன்டுக்குப் பணம் கொடுத்தவர், மொழிபெயர்க்கவும் கொடுக்கட்டுமே. மலையை வெட்டி எடுக்கப் போகிறவர் அவர்.

இந்த மனத்தாங்கல் இன்று வந்ததும் இல்லை. 2020இல் அந்த 2006 அறிவிக்கைக்குப் பதிலாகப் புதிய வரைவு அறிவிக்கை வந்தபோது, நாடு முழுவதும் கருத்துக் கேட்டார்கள், ஆங்கிலத்திலும் இந்தியிலும். அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் வெளியிடச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு ஜூன் 30இல் உத்தரவு போட்டது. வெளியிடுவதற்குப் பதிலாக உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போனார்கள். ஊரடங்குக் காலத்தில் ஒரு கோப்பை மொழிபெயர்ப்பது வழக்கறிஞர் வைத்து வாதாடுவதைவிடக் கடினம் போலிருக்கிறது. கருத்துக் கேட்பு அறிவிப்புக்கு இப்போது இருக்கும் 30 நாளை 20 ஆகக் குறைக்கலாம் என்பதும் அந்த வரைவில் இருந்த யோசனைதான். அதே 2020 ஜனவரியில், எண்ணெய், எரிவாயு தேடும் கிணறுகளுக்குக் கருத்துக் கேட்பே வேண்டாம் என்று விலக்குக் கொடுத்தாகிவிட்டது. அதில் மொழிப் பிரச்சினை எழவே இடமில்லை, ஒப்புக்கொள்கிறேன். 1992இல் ரியோ மாநாட்டில் பத்தாவது கொள்கை என்று ஒன்றை உலகமே ஏற்றுக்கொண்டது. சுற்றுச்சூழல் பற்றிய தகவல் மக்கள் கைக்குக் கிடைக்க வேண்டும், முடிவெடுப்பதில் அவர்களுக்குப் பங்கு வேண்டும் என்கிறது அது. இந்தியாவும் அங்கே இருந்தது.

மாநிலத்துக் கதை வேறு மாதிரி. 1956லேயே ஆட்சிமொழிச் சட்டம் வந்துவிட்டது. நான் வருகைப் பதிவேட்டில் தமிழில்தான் கையெழுத்துப் போட வேண்டும், முன்னெழுத்தும் தமிழில் இருக்க வேண்டும். சந்தோஷமாகப் போடுகிறேன். பிளாஸ்டிக்கை ஒழிக்க வேண்டும் என்று வந்தபோது "மீண்டும் மஞ்சப்பை" என்று எவ்வளவு அழகாகப் பேர் வைத்தார்கள்! மனம் இருந்தால் அரசுக்குத் தமிழ் வருகிறது. என் கையெழுத்தால் யாருடைய சுவரும் விரியப் போவதில்லை. சுவர் விரியுமா, விரியாதா என்று கணக்குப் போட்டிருக்கிற தாள் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கலாமா?

ஒவ்வொரு ஜூன் 5க்கும் எங்கள் பிள்ளைகள் ஆங்கிலத்தில் பேச்சுப்போட்டிக்கு மனப்பாடம் செய்கிறார்கள். குளோபல் வார்மிங், பயோடைவர்சிட்டி, சஸ்டெய்னபிள் டெவலப்மென்ட் என்று மூச்சுவிடாமல் சொல்லுவார்கள். துருவக் கரடிக்காகக் கண்ணீர் விடுவார்கள். அந்தச் சொற்களைச் சொல்லிக் கொடுப்பதும் நான்தான், அதில் எனக்கு வெட்கம் இல்லை, அவர்களுக்கு அவை வேண்டும். நல்ல பரிசும் வாங்கி வருகிறார்கள், பெரும்பாலும் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். ஆனால் அந்தப் பிள்ளைகளின் அப்பாக்கள் கிரஷரில் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலை செய்கிறார்கள். கல்தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் படிந்தால் வரும் நோய்க்கு மருந்து கிடையாது என்பதை அவர்களிடம் யாரும் எந்த மொழியிலும் சொல்லவில்லை. தூசி பற்றி அறிக்கையில் தனி அத்தியாயமே இருக்கிறது. நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள். அதை அவர்களிடம் நான் வாய்மொழியாகச் சொன்னபோது, "இதெல்லாம் போட்டிருக்கா?" என்று கேட்டார்கள்.

சரி, எங்கேயோ போய்விட்டேன். கோபம் வந்தால் வாத்தியார்களுக்கு நிறுத்தத் தெரியாது. மன்னிக்கவும்.

கேட்க வந்தது இதுதான். மலையின் மறுபக்கத்துக் குவாரிகளுக்கும் கூட்டம் வரப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. அதற்கான நாளைக் குறிப்பதற்கு முன் முழு அறிக்கையையும், அட்டவணைகளும் வரைபடங்களும் சேர்த்து, தமிழில் வாங்குங்கள். வாங்கியதை எங்கள் ஊராட்சி அலுவலகத்திலும் ஊர் நூலகத்திலும் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை நூலகத்தைத் திறந்து வைக்க ஊர் இளைஞர்கள் ஆள் போட்டுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். மேடையில் பதில் சொல்கிறவர் கேள்வி கேட்டவரின் மொழியில் பதில் சொல்ல வேண்டும் என்று கூட்டம் தொடங்கும்போதே அறிவியுங்கள். முடிந்த கூட்டத்தைப் பொறுத்தவரை, தொகுப்பு வீடுகள் கணக்கில் இல்லை என்று எழுத்து மூலமாக மனுக் கொடுத்திருக்கிறோம். அனுமதி பற்றி முடிவெடுக்கும் குழுவுக்கு அது போய்ச் சேர்ந்ததா என்று ஒரு வரி பதில் வேண்டும்.

டெல்லியில் இருப்பவர்களுக்கு: அறிவிக்கையில் சுருக்கம் என்று இருக்கும் இடத்தில் முழு அறிக்கை என்று திருத்தினால் போதும். மற்றதை எல்லா மாநிலத்துக்காரர்களும் அவரவர் மொழியில் பார்த்துக்கொள்வார்கள்.

மொழிபெயர்க்க ஆள் கிடைக்கவில்லை என்றால் சொல்லி அனுப்புங்கள். கோடை விடுமுறையில் நானும், எங்கள் பள்ளி அறிவியல் ஆசிரியரும் உட்கார்ந்து சரிபார்த்துக் கொடுக்கத் தயார். அச்சுக்கூலியை மட்டும் கம்பெனியிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
குவாரி மலைக்குக் கீழே குடியிருக்கும்
ஓர் ஆங்கில ஆசிரியை