வகுப்பு முடிந்தபின் வாங்கும் கையொப்பம்: இசைக் கல்விக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய கல்விக் குழுத் தலைவர், பதிவாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

இவ்வாண்டுச் செய்முறைத் தேர்வில் கலந்துகொள்ளத் தகுதியற்றோர் எனத் தாங்கள் சென்ற வாரம் அறிவிப்புப் பலகையில் ஒட்டிய பட்டியலில், வீணைப் பட்டயப் படிப்பின் இறுதியாண்டில் பயிலும் என் மகளின் பெயரும் இருக்கிறது. பெயருக்கு எதிரே "வருகை 85 விழுக்காட்டிற்குக் குறைவு" என்று ஒரே ஒரு வரி. அந்த வரியைப் பற்றி அலுவலகத்திற்கு எழுதியவற்றிற்குப் பதில் ஏதும் வரவில்லை. நேரில் சென்று கேட்டபோது கிடைத்த பதிலும் பதிலாக இல்லை. ஆகவே இதனை எல்லாரும் படிக்கும்படி எழுத நேர்ந்தது. தாங்கள் இதைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். வருகை விதி வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. தொடக்கப் பள்ளியில் தமிழாசிரியனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான்; வருகைப் பதிவேட்டின் அருமை எனக்குத் தெரியும். குருவின் வீட்டிலேயே தங்கிப் படித்த காலத்தில் அதற்குத் தேவை இருக்கவில்லை. இசைக்கல்வி கல்லூரிக்குள் வந்தபின், அரசுப் பணம் செலவாகும் இடத்தில், யார் வந்தார் யார் வரவில்லை என்று எழுதி வைப்பது முறைதான். 85 விழுக்காடு என்ற அளவையும் நான் குறை கூறவில்லை. நான் கேட்பதெல்லாம் அந்தக் கையொப்பத்தை எப்போது வாங்குகிறீர்கள் என்பதைத்தான். என் பணிக்காலம் முழுவதும் முதல் மணி அடித்ததும் பெயர் கூப்பிட்டிருக்கிறேன். வேறெந்தப் பள்ளியிலும், மாணவர் வீட்டிற்குக் கிளம்பும் நேரத்தில் பெயர் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. தங்கள் நிறுவனத்திலும் முன்பு அப்படி இருக்கவில்லை. சிலர் வகுப்பின் தொடக்கத்தில் கையொப்பமிட்டுவிட்டு நழுவிப் போய்விடுகிறார்கள் என்ற காரணத்தைச் சொல்லி, வகுப்பு முடிந்தபின் கையொப்பமிட்டால் மட்டுமே வருகை என்று விதியைத் திருத்தினீர்கள். நழுவியவர்கள் யார் யார் என்பது அந்தந்த ஆசிரியருக்குத் தெரியும். அவர்களைக் கூப்பிட்டுக் கண்டிப்பதை விட்டுவிட்டு, நழுவாதவர்களை வடிகட்டும் விதியைச் செய்துவிட்டீர்கள்.

அது எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். என் மகள் நம் மொரீசியஸ் தீவின் கியூர்பிப் நகரில் ஒரு முன்பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறாள். பிள்ளைகள் வீட்டிற்குப் போனதும், காலையில் தலைமையாசிரியையின் அறையில் ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டுப் போன வீணையைத் தூக்கிக்கொண்டு மெட்ரோவில் ஏறி, 4 மணி வகுப்பிற்கு முன்னதாகவே வந்து சேர்ந்துவிடுகிறாள். வகுப்பு முடிவது 6 மணிக்கு. அதன்பின் அலுவலகத்திலிருந்து பதிவேடு வர வேண்டும். அதைக் கொண்டுவரும் ஊழியர் மிருதங்க வகுப்பிற்கும் நாட்டிய வகுப்பிற்கும் போய்விட்டு வீணை வகுப்பின் வாசலுக்கு வரும்போது 6.15 ஆகிவிடுகிறது. அவர்மீது எனக்கு வருத்தமில்லை. ஒரே ஆள் எத்தனை அறைகளுக்குத்தான் ஓடுவார்? நாங்கள் குடியிருப்பதோ தெற்குக் கோடியில், சுய்யாக்கில். மெட்ரோ 2022 இல் கியூர்பிப் வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது; அதற்குத் தெற்கே எங்களுக்குப் பேருந்துதான் கதி. கிராமப்புறப் பேருந்துகள் மாலை ஆறரை மணியோடு ஏறக்குறைய ஓய்ந்துவிடும் என்பது மொரீசியஸில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். ஆகவே கடைசிப் பேருந்தை நம்பியிருக்கும் என் மகள் 5.30 மணிக்கே வீணையை உறையிலிட்டுக் கட்டி எழுந்தாக வேண்டும். ஜூன், ஜூலை மாதங்களில் 6 மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடுகிறது. அந்த இருட்டில் தோளில் வீணையோடு பேருந்து நிலையத்தில் நிற்கும் இளம்பெண்ணிடம், "இன்னும் முக்கால் மணி நேரம் இருந்து கையொப்பம் போட்டுவிட்டு வந்திருக்கலாமே" என்று சொல்ல எந்தத் தகப்பனுக்கு மனம் வரும்?

டாக்சியில் வரலாமே என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். ஒரு மாலைக்கான டாக்சிக் கட்டணம் முன்பள்ளி ஆசிரியையின் ஒரு நாள் சம்பளத்தை விழுங்கிவிடும் என்பதை அவரிடம் சொன்னேன். சிரித்தார். சில நாள்களில் பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு நானே கூட்டிவரப் போயிருக்கிறேன். அன்றெல்லாம் அவள் இறுதிவரை இருந்து கையொப்பமிட்டிருக்கிறாள். தங்கள் பதிவேட்டின்படி பார்த்தால், என் மகள் வகுப்பிற்கு வந்த நாள்கள் பக்கத்து வீட்டுக்காரரின் வண்டிக்கு வேறு வேலை இல்லாதிருந்த நாள்கள் மட்டுமே.

அவள் வகுப்பில் இருந்ததற்குச் சாட்சி வேண்டுமானால் ஆசிரியரைக் கேளுங்கள். அவளுடைய நிலைமை தெரிந்து, சுருதி சேர்த்ததும் முதலில் அவளையே வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார். தைப்பூசக் காவடி விரத நாள்களிலும் அவள் வகுப்பைத் தவறவிட்டதில்லை என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் கண்ணெதிரே அமர்ந்து வாசித்த மாணவி வந்தாள் என்று எழுத அவருக்கு அதிகாரம் இல்லையாம், பதிவேட்டிற்குத்தான் அதிகாரமாம். இதே விதியின் மறுபக்கத்தையும் தாங்கள் பார்க்க வேண்டும். ஒருவர் 5.50 மணிக்கு அறைக்குள் நுழைந்து, வீணையை உறையிலிருந்து எடுக்காமலே பத்து நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டுக் கையொப்பமிட்டால், அவர் முழு வகுப்பிற்கும் வந்தவராகிறார். நிறுவனத்தின் அருகில் குடியிருப்போருக்கு இது ஒன்றும் கடினமில்லை. அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதும், அவர்களுள் எவர் பெயரும் பலகையில் இல்லை என்பதும் மாணவர்கள் எல்லாரும் அறிந்தது. பெயர்களைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவர்கள் மீதல்ல என் வழக்கு.

வீணையைப் பற்றியும் ஒரு சொல். மாணவர்களின் வாத்தியங்களை நிறுவனத்தில் வைத்துவிட்டுப் போகக் கூடாது என்றும் தங்கள் விதியில் இருக்கிறது. புல்லாங்குழல் படிப்பவருக்கு அது ஒரு பொருட்டில்லை. வீணை ஏறக்குறைய ஆளுயர வாத்தியம். சுரைக்காயைக் கழற்றித் தனியே பையில் வைத்துக்கொண்டாலும் பேருந்தில் இரண்டு பேர் இடத்தைப் பிடிக்கும். தந்தியை அழுத்தி வாசிக்கும் 24 மெட்டுகளும் மெழுகில் பதிந்து நிற்பவை. கோடையில் மூடிய பேருந்தின் வெப்பத்தில் மெழுகு இளகி ஒரு மெட்டு மயிரிழை நகர்ந்தாலும் சுரத்தானம் பிசகிவிடும். மெட்டுகளை மறுபடி சரியான இடத்தில் பதித்து மேளம் கட்ட எனக்குத் தெரிந்து தெற்கில் ஒருவரும் இல்லை. இவ்வளவையும் சுமந்துகொண்டு வந்து, பதினான்கு அட்சர அட தாளத்தில் பைரவி ராக வர்ணத்தை மூன்று வேகங்களிலும் வாசித்துக் காட்டிவிட்டுப் போகும் ஒருத்தியைத் தங்கள் ஏடு "வரவில்லை" என்கிறது. விடியற்காலையில் அந்த வர்ணத்தின் தாளக்கட்டைத் தொடையில் தட்டிக்கொண்டே அவள் தேநீர் போடுவதைப் பார்த்திருப்பவன் நான். அந்த ஏட்டின் மீது எனக்கு மரியாதை எப்படி வரும் என்பதைத் தாங்களே சொல்ல வேண்டும்.

"விதி எல்லாருக்கும் ஒன்றுதான்" என்பதே எனக்கு நேரில் கிடைத்த பதில். எல்லாருக்கும் ஒன்றுதான்; சந்தேகமில்லை. ஆனால் பேருந்து எல்லாருக்கும் ஒன்றில்லை. பட்டியலில் ஊர்ப்பெயர்கள் இல்லை. எனினும் நான் அறிந்த பெயர்களை வைத்துப் பார்த்தால், அவர்கள் சுய்யாக்கிலிருந்தும் மாஹேபூர்க்கிலிருந்தும் கிழக்கே ஃபிளாக்கிலிருந்தும் வருகிறவர்கள். மெட்ரோ நிலையத்தின் அருகில் குடியிருக்கும் ஒருவரையும் அதில் நான் காணவில்லை. இது தற்செயல் என்று தாங்கள் கருதினால், பட்டியலைத் தீவின் வரைபடத்தின் மீது வைத்து ஒருமுறை பார்க்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

வருகையைப் பற்றிப் பேசும்போது ஆண்டு விழாவும் நினைவுக்கு வருகிறது. சென்ற விழாவில் மாணவர்கள் அலங்காரத்தோடு மேடைக்குப் பின்னால் வியர்த்துக்கொண்டு காத்திருக்க, முன்வரிசைப் பெரியோர்கள் நெடுநேரம் கழித்து வந்து, பொன்னாடை பெற்றுக்கொண்டு, முதல் உருப்படி முடியுமுன் எழுந்து போனார்கள். மங்களம் வரை இருந்து கையொப்பமிட்டால்தான் வந்ததாகக் கணக்கு என்ற விதி அன்று முன்வரிசைக்குச் செல்லுபடியாகியிருந்தால், விழா விருந்தினரே இல்லாமல் நடந்ததாகத்தான் ஏட்டில் எழுத வேண்டியிருக்கும். ஆண்டின் நடுவில் விதியைத் திருத்தி ஒரு தாளில் அச்சிட்டு ஒட்டிவிடுவதும், விதிப்புத்தகத்தின் படி ஒன்று கேட்டால் "அலுவலகத்தில் வந்து பார்த்துக்கொள்ளலாம், வெளியே தர இயலாது" என்பதும் இன்னொரு கதை. படிக்கக் கிடைக்காத விதிக்குக் கட்டுப்படுவது எப்படி என்பதை இசைக் கோட்பாட்டுத் தாளில் ஒரு வினாவாகவே கேட்கலாம். கோபத்தில் எல்லை மீறி எழுதுகிறேன் என்று தோன்றினால் மன்னியுங்கள். மீண்டும் விண்ணப்பத்திற்கே வருகிறேன்.

அண்டைத் தீவான ரெயூனியனில் அரசு இசைப்பள்ளி தலைநகரான சென் தெனியோடு நிற்கவில்லை. சென் பெனுவா, சென் போல், சென் பியேர் என்று நான்கு திசையிலும் அதற்கு வகுப்புகள் உண்டு. பிரெஞ்சு முறைப்படி, தொடக்க நிலைகள் ஒவ்வொன்றையும் மாணவர் தம் வேகத்திற்கேற்ப மூன்றாண்டிலும் முடிக்கலாம், ஐந்தாண்டிலும் முடிக்கலாம். அங்கும் தேர்வு உண்டு, கண்டிப்பு உண்டு. அங்கே நடப்பதெல்லாம் இங்கும் நடக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தெற்கில் ஒரு கிளை திறக்கும்படிகூட இப்போது கேட்கவில்லை. இங்கே செய்முறைத் தேர்வு தவறினால் கோட்பாட்டுத் தாள்கள், உள்மதிப்பீடு எல்லாம் செல்லாமல் ஓராண்டு முழுவதும் திரும்பப் படிக்க வேண்டும். கட்டணமும் மறுபடி கட்ட வேண்டும். அந்த ஆண்டிலும் பதிவேடு 6.15 மணிக்குத்தான் வரும், பேருந்து ஆறரை மணிக்குத்தான் போகும். ஆக, அவள் இன்னும் எத்தனை ஆண்டு படித்தாலும் தங்கள் கணக்கில் இறுதியாண்டைத் தாண்டப் போவதில்லை.

நான் கேட்பது செலவில்லாத ஒன்று. கையொப்பத்தை வகுப்பின் தொடக்கத்தில் வாங்குங்கள். நழுவுகிறவர்களைப் பற்றிய கவலை தீரவில்லையென்றால், ஆசிரியரே வகுப்பின் நடுவில் ஒருமுறை பெயர் கூப்பிட்டுக் குறித்துக்கொள்ளட்டும். சுருதி சேர்ப்பது முதல் கடைசி உருப்படி வரை அந்த அறையில் இருப்பவர் அவர்தானே. அதுவும் இயலாதென்றால், தொலைவிலிருந்து வருகிறவர்கள் 5.30 மணிக்குக் கிளம்ப எழுத்து மூலமான அனுமதியைத் தாருங்கள். வகுப்பின் கடைசி அரைமணியை இழப்பதே அவர்களுக்குப் போதுமான நட்டம். இவற்றுள் எதைத் தேர்ந்தாலும் சரி. ஆனால் இவ்வாண்டு தடுத்து நிறுத்தப்பட்டவர்களின் வருகையை, அவரவர் ஆசிரியரின் வாய்மொழியைக் கேட்டு மறுபடி கணக்கிட்டு, தேர்வில் கலந்துகொள்ள அனுமதியுங்கள். விதியைத் திருத்த அடுத்த கூட்டம் வரை காத்திருக்கலாம்; தேர்வு காத்திருக்காது.

பட்டியலில் பெயர் உள்ள வேறு சில பெற்றோரும் இதே கோரிக்கையோடு என்னிடம் பேசினார்கள். உள்மதிப்பீட்டு மதிப்பெண் குறைந்துவிடுமோ என்ற அச்சத்தில் அவர்கள் பெயர் போடத் தயங்குகிறார்கள். அந்த அச்சம் வீணானது என்று நான் அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். நான் சொன்னது பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காகவாவது, இந்த மடலால் எந்த மாணவருக்கும் தீங்கு வராது என்று தங்கள் பதிலில் ஒரு வரி சேர்த்தால் நன்றியுடையவனாவேன்.

தேர்வுக் கட்டணம் கட்டும் கடைசி நாள் இம்மாத இறுதியில் வருகிறது. அதற்கு முன் தங்கள் முடிவை எழுத்தில் தெரிவிக்கும்படி மிகவும் பணிவோடு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
வீணை வகுப்பு மாணவி ஒருவரின் தந்தை,
சுய்யாக்