கையில் இல்லாததைக் காட்டும் பெருமை

அன்புள்ள தாமஸ்,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் பிறந்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். இங்கே அனைவரும் நலம். பணி ஓய்வுக்குப் பிறகு தொடங்கிய கிரேக்கப் படிப்பு இன்னும் போகிறது, அதனால் உன் கேள்வி எனக்கு விருந்து.

பைபிளின் புதிய ஏற்பாட்டில் யோவான் தன் முதல் நிருபத்தில், அதாவது கடிதத்தில், எழுதும் 'ஜீவனத்தின் பெருமை' என்ன பெருமை என்று கேட்டாய். கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் இருப்பது அலஸோனெயா என்ற சொல். அலஸோன் என்பவனின் குணம் அது. புதிய ஏற்பாட்டின் வேறு இரண்டு நிருபங்களிலும், ரோமர் முதல் அதிகாரத்தில் 'அலஸோனாஸ்' என்றும், இரண்டாம் தீமோத்தேயுவில் 'அலஸோனெஸ்' என்றும், அவனே பன்மையில் வருகிறான். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இரண்டும் 'வீம்புக்காரர்'.

ஆனால் வெறும் தற்பெருமைக்காரன் இல்லை அவன். தன்னிடம் இல்லாததை இருப்பதாகச் சொல்லுகிறவன். அரிஸ்டாட்டிலின் மாணவர் தெயோஃபிராஸ்டஸ் அவனை அப்படியே பிடித்துவைத்திருக்கிறார். துறைமுகத்தில் நின்றுகொண்டு, கடல் வாணிபத்தில் தான் போட்டிருக்கும் பணத்தைப் பற்றி வெளியூர்க்காரர்களிடம் அளக்கிறான். பேசிக்கொண்டே வேலைக்காரப் பையனை வங்கிக்கு அனுப்புகிறான்; அங்கே இருப்பதோ ஒரே ஒரு டிராக்மா, ஒரு வெள்ளிக்காசு. அலெக்சாந்தரோடு படையெடுத்துப் போனேன் என்கிறான், ஊரைத் தாண்டியதே இல்லை. வாடகை வீட்டைப் பூர்வீக வீடு என்கிறான், விருந்தினர் வந்தால் இடம் போதவில்லை, விற்கப்போகிறேன் என்றும் சேர்த்துக்கொள்கிறான்.

அரிஸ்டாட்டில் இன்னும் ஆழமாகப் போகிறார். புகழுக்காக அளப்பவனை அவர் பெரிதாகக் குறை சொல்வதில்லை. பணத்துக்காக அளப்பவன்தான் இழிந்தவன். அவன் மருத்துவன் என்றோ குறி சொல்பவன் என்றோ வேஷம் போடுவான், ஏனென்றால் அங்கே பொய் எளிதில் வெளிப்படாது. நம்பி வந்த நோயாளியை நினைத்தால் இந்தக் கோபம் சரி என்றே எனக்குப் படுகிறது. அப்புறம், எளிமைக்குப் பேர்போன கிரேக்க நகரமான ஸ்பார்த்தாவின் மக்கள் உடுத்தும் அளவுக்கு மீறிய எளிய உடையும் ஒருவகை அலஸோனெயா என்கிறார்! எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

இனி யோவானுக்கு வருகிறேன். 'ஜீவனம்' என்று நாம் வாசிப்பது கிரேக்கத்தில் பியோஸ். அதே நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில், குறைச்சலில் இருக்கும் சகோதரனைக் கண்டும் இரங்காதவனிடம் இருக்கும் 'இவ்வுலக ஆஸ்தி'யும் இதே சொல்தான். ஆகவே சொத்தைக் காட்டி அடிக்கும் பெருமை என்றே எடுத்துக்கொள்கிறேன். யாக்கோபின் நிருபத்தில் நாலாம் அதிகாரத்தையும் சேர்த்து வாசி. நாளைக்கு இன்ன பட்டணத்துக்குப் போய் சம்பாதிப்போம் என்கிற வியாபாரிகளின் வீம்பும் அலஸோனெயாதான். நாளை அவர்கள் கையில் இல்லையே.

குழந்தைக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று எழுது.

அன்புடன்,
முருகேசன்