இரண்டு பெயர், ஒரே பட்டறை

ஈரி, பென்சில்வேனியா

அன்புள்ள குமரேசா,

கடிதம் கிடைத்து மூன்று வாரமாகிறது. இங்கே பனி விட்டபாடில்லை. முழங்கால் வலி பழகிவிட்டது. நீயும் பேனாக்கத்தி சேர்க்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் சிரிப்பு வந்தது. ‘இன்னொருத்தரையும் கெடுத்தாச்சா?’ என்றாள் மனைவி.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். வாங்கிய இரண்டு கத்திகளில் ஒன்றில் டிடியூட் என்றும் மற்றதில் நார்த்ஃபீல்ட் என்றும் பொறித்திருக்கிறது, அளவும் வடிவமும் ஒன்று, விலை மட்டும் வேறு, ஏமாந்துவிட்டேனா என்று கேட்டிருந்தாய். இல்லை. இரண்டும் ஒரே இடத்தில் செய்தவை. டைட்டஸ்வில் என்ற சிற்றூரில் 2006-ல் தொடங்கிய கிரேட் ஈஸ்டர்ன் கட்லரியின் கத்திகள். 1859-ல் எட்வின் டிரேக் என்பவர் பெட்ரோலிய எண்ணெய்க் கிணறு தோண்டினாரே, அதே ஊர்தான். இங்கிருந்து காரில் போய்விடலாம்.

இரண்டுமே பழைய பெயர்கள். டிடியூட், அலெகெனி நதிக்கரையில் உள்ள ஓர் ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே ஒரு கத்திக் கம்பெனி இருந்தது. நார்த்ஃபீல்ட் கம்பெனி கனெக்டிகட் மாநிலத்தில், 1858-ல் தொடங்கியது. அந்தப் பெயரோடு ‘யு-என்-எக்ஸ்-எல்-டி’ என்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதல் இரண்டையும் ‘அன்’ என்று சேர்த்து, வேகமாக வாய்விட்டுச் சொல்லிப் பார், ‘அன்எக்செல்டு’ என்று வரும். மிஞ்ச ஆளில்லை என்று அந்தக் காலத்திலேயே பீற்றிக்கொண்டிருக்கிறார்கள். மறைந்துபோன அந்தப் பெயர்களை எடுத்து, வேலைப்பாட்டின் தினுசுக்கு ஒன்றாக கிரேட் ஈஸ்டர்ன்காரர்கள் சூட்டினார்கள்.

நேற்று ராத்திரி என்னிடமுள்ள இரண்டையும் மேஜை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். நார்த்ஃபீல்ட் அலகில் என் மூக்குக்கண்ணாடி தெரிந்தது, அவ்வளவு மெருகு. டிடியூட் அலகு மங்கல், தேய்த்த கோடுகள் கூடத் தெரிந்தன. ஆனால் இரண்டிலும் இரும்பு ஒன்றுதான், 1095 என்ற கார்பன் எஃகு. மூடும்போது ‘டக்’கென்று விழும் சத்தத்திலும் வித்தியாசமில்லை. நீ அதிகமாகக் கொடுத்த பணம் பளபளப்புக்குத்தான், வெட்டுக்கு இல்லை. இவர்களே பின்னால் கொண்டுவந்த ஃபார்ம் அண்ட் ஃபீல்ட் என்ற வரிசையில் இந்த அலங்காரமும் கிடையாது, தோட்டத்து வேலைக்கென்றே செய்தது. எனக்கு அதுதான் பிடிக்கும்.

போன மாதம் அந்தப் பளபளப்பான நார்த்ஃபீல்டால் ஆசையாக ஒரு மாங்காய் நறுக்கினேன். துடைக்க மறந்துவிட்டேன். காலையில் பார்த்தால் அலகு முழுக்கக் கருநீலம். நம் வீட்டு அரிவாள்மனை புளிப்புப் பட்டால் கறுக்குமே, அதே கதைதான். கொடுத்த காசு மாங்காயோடு போயிற்று.

எல்லாக் கம்பெனியிலும் இப்படியே இருக்கும் என்று நினைத்துவிடாதே. கேஸ் என்ற கத்திக் கம்பெனி இதே மாநிலத்து பிராட்ஃபோர்டில் இருக்கிறது, 1993 முதல் லைட்டர் செய்யும் ஜிப்போவுக்குச் சொந்தம். அங்கே பெயர் ஒன்றே, கத்தியில் பொறித்த எண்ணைத்தான் வாசிக்க வேண்டும். 6254 என்றால், 6 பெரும்பாலும் எலும்புக் கைப்பிடி, 2 என்பது அலகுகளின் எண்ணிக்கை, 54 வடிவம். பின்னால் எஸ்.எஸ். இருந்தால் துருப்பிடிக்காத எஃகு, சி.வி. இருந்தால் குரோம் வனேடியம் கலந்த எஃகு, கறுக்கும் சாதி. இன்னொரு வேடிக்கை, 1970-ல் பெயருக்குக் கீழே பத்துப் புள்ளி வைத்து, வருஷத்துக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். 1979-ல் ஒற்றைப் புள்ளிதான் மிச்சம். லென்ஸ் இல்லாமல் எண்ண முடியாது.

ஷ்ரேடு கம்பெனிக் கத்தி வாங்கும்போது மட்டும் கவனம். அவர்களுக்கும் இரண்டு பெயர்: ஓல்டு டைமர் உழைக்கிறவனின் கத்தி, அங்கிள் ஹென்றி கொஞ்சம் மிடுக்கு. ஹென்றி பேர் என்ற முதலாளியின் பெயரால் வந்தது அது. 2004-ல் நியூயார்க் மாநிலத்திலிருந்த ஆலையை மூடிவிட்டார்கள். பெயர்கள் கைமாறின. அதன்பின் அதே பெயர்களில் வந்தவை பெரும்பாலும் சீனாவில் செய்தவை. மோசம் என்று சொல்லவில்லை, ஆனால் பழைய கத்தி என்று நினைத்து அந்த விலை கொடுத்துவிடாதே. அலகின் அடியில், கைப்பிடிக்குள் நுழைகிற இடத்தில், ஊரோ நாடோ என்ன பொறித்திருக்கிறது என்று முதலில் பார். பெட்டியை அப்புறம் ரசிக்கலாம்.

மூன்றாவதாக ஒன்று, பெயரே தேய்ந்துபோய்க் கிடைத்தது என்று எழுதியிருந்தாயே, அதைப் படமெடுத்து அனுப்பு. அந்தப் பெயரைப் பகல் வெளிச்சத்தில், சாய்த்துப் பிடித்து எடு. தேய்க்கவோ பாலிஷ் போடவோ செய்யாதேடா, இருக்கிற எழுத்தும் போய்விடும். கீலில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும்.

அன்புடன்,
சண்முகம்