டைரக்டர் ஆன மாப்ளைக்கு ஒரு கடிதம்

மாப்ள,

உன் மெசேஜ் வந்து ரெண்டு நாளாச்சு, வாய்ஸ் நோட்ல சொல்லி முடிக்கிற விஷயம் இல்ல, அதான் உக்காந்து டைப் பண்றேன். முதல்ல வாழ்த்து. உன்னை ஆர்செட்டி, அதான் பேங்க் நடத்துற கிராமத்து சுயதொழில் பயிற்சி நிலையம், அதுக்கு டைரக்டரா போட்டுட்டாங்கன்னு தங்கச்சி சொன்னப்ப எனக்குச் சிரிப்பு வந்துருச்சு, தப்பா எடுத்துக்காத. இருபது வருஷமா லோன் கேட்டு வந்தவன்கிட்ட "டி.எஸ்.சி.ஆர். பத்தலையேப்பா"ன்னு அதாவது வர்ற வருமானம் தவணைக்குப் பத்தாதுன்னு, பைலைத் திருப்பித் தள்ளுனவன், இப்ப அதே ஆளுங்களை உக்கார வச்சு, தங்க இடம் குடுத்து, மூணு வேளை சோறு போட்டு தொழில் சொல்லிக் குடுக்கணும். கடவுள் இருக்கான் மாப்ள.

முழங்கால் வலி எப்படி இருக்கு? பாப்பா பிளஸ் டூல, இனி இந்த வருஷம் உங்க வீட்ல டிவி ஓடாது, தெரியும். இங்க எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு கண் ஆபரேஷன் மதுரைல முடிஞ்சுது, இப்ப ரேஷன் கார்டுல இருக்குற பொடி எழுத்தைக்கூட படிச்சு எங்களைத் திருத்துறாங்க.

சரி, விஷயத்துக்கு வர்றேன். டிசைன் திங்கிங், பிசினஸ் பிளான் ரெண்டும் சேத்து ஒரு பேட்ச் நடத்தணும், பசங்களுக்கு எப்படிப் புரிய வைக்கிறது, நீதான் இதைச் சொல்லிக்கிட்டே ஊர் ஊரா திரியுறியேன்னு கேட்டிருந்த. நான் முதல் ரெண்டு வருஷம் பண்ணுனது பூராவும் கூத்து. டிசைன் திங்கிங்குக்கு அமெரிக்கால ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டி டி ஸ்கூல்ல சொல்ற அஞ்சு படி இருக்குல்ல, அடுத்தவன் கஷ்டத்தை உணர்றது, பிரச்சனை என்னன்னு வரையறுக்குறது, யோசனை கொட்டுறது, மாதிரி செய்யறது, சோதிக்கிறது, அதை ஸ்லைடு போட்டு, கலர் கலரா ஒட்டுற பேப்பர் வாங்கிக் குடுத்து, செவுரு பூரா ஒட்டச் சொல்லி, போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வேற. ஒரு நாள் பின்னாடி பெஞ்சுல இருந்து ஒரு அண்ணன் கைதூக்கி "சார், இதெல்லாம் ஒட்டி முடிச்சா லோன் வந்துருமா"ன்னு கேட்டாரு. கிளாஸே சிரிச்சுது, நானும் சிரிச்சேன், ஆனா அன்னைக்கு நைட்டு தூக்கம் வரல. அவரு கிண்டல் பண்ணல மாப்ள, நெஜமாத்தான் கேட்டாரு.

நம்ம ஆளுங்ககிட்ட பெரிய சிக்கல் எதுன்னா மரியாதை. சிரிக்காத. நம்ம ஊர்ல ஒருத்தர் ஒரு பலகாரம் செஞ்சு குடுத்து எப்படி இருக்குன்னு கேட்டா, உப்பு கரிச்சாலும் "சூப்பர்க்கா"ன்னுதான் சொல்வோம். அந்த சூப்பரை நம்பி நகையை அடகு வச்சு மெஷின் வாங்குனவங்களை எனக்கே பத்து பேரைத் தெரியும். கோயம்புத்தூர் முருகானந்தம் கதை உனக்குத் தெரியும்ல, மலிவு விலை நாப்கின் மெஷின் செஞ்சு பத்மஸ்ரீ வாங்குனவரு. அவரு செஞ்ச பேடை மெடிக்கல் காலேஜ் பொண்ணுங்ககிட்ட குடுத்து கூடவே கருத்து எழுத ஒரு ஃபாரமும் குடுத்திருக்காரு, கடைசில போய்ப் பாத்தா ரெண்டு மூணு பேரு உக்காந்து எல்லா ஃபாரத்தையும் அவங்களே மளமளன்னு ரொப்பிக்கிட்டு இருந்திருக்காங்க. அதுக்கப்புறம்தான் மனுசன் ஃபுட்பால் பிளாடர்ல ஆட்டு ரத்தத்தை ஊத்தி இடுப்புல கட்டிக்கிட்டு தானே போட்டுப் பாக்குறாரு. நான் எந்த கிளாஸா இருந்தாலும் இதுலதான் ஆரம்பிக்கிறேன்.

அதனால இப்ப ஒரே ஒரு ரூல் வச்சிருக்கேன். "இதை வாங்குவீங்களா"ன்னு யாரையும் கேக்கக்கூடாது. கடைசியா எப்ப வாங்குனீங்க, எங்க வாங்குனீங்க, எவ்ளோ குடுத்தீங்க, அப்புறம் என்னாச்சு, அவ்ளோதான். நடந்ததை மட்டும் கேளு, நடக்கப்போறதைக் கேக்காத. நடந்ததுல பொய் சொல்றது கஷ்டம் மாப்ள.

ஒண்ணு சொல்றேன் கேளு. போன பேட்ச்ல திண்டுக்கல் நாகல் நகர் பக்கம் ஒரு அக்கா வந்திருந்தாங்க, இட்லி மாவு தொழில் பண்ணணும்னு. கையில ஏற்கனவே ஒரு ப்ராஜெக்ட் ரிப்போர்ட், யாரோ ஆடிட்டர் ஆபீஸ்ல காசு குடுத்து போட்டது. ஒரு நாளைக்கு 200 கிலோ, முதல் வருஷம் அதுல 60 சதவீதம் உற்பத்தி, அடுத்த வருஷம் 70, அதுக்கடுத்து 80. நீ பாத்து பாத்து சலிச்ச அதே நம்பர். ஆட்டுப் பண்ணைக்கும் இதே 60 70 80, அப்பளத்துக்கும் இதே, பிரிண்டிங் பிரஸ்ஸுக்கும் இதே. தவணை கட்டப் பத்துற மாதிரி லாபத்தை முதல்ல முடிவு பண்ணிட்டு அங்க இருந்து பின்னாடி கணக்கு போட்டுட்டு வர்றானுங்க, இது உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும், போடுறவனுக்கும் தெரியும், கையெழுத்து போடுற அந்த அக்காவுக்கு மட்டும் தெரியாது.

நான் சொன்னேன், அக்கா ரிப்போர்ட்டை பைக்குள்ள வைங்க, நாலு நாள் ஒண்ணும் அரைக்க வேணாம், மாவு விக்கிற கடை வாசல்ல நில்லுங்க. சும்மா நிக்கணும், நோட்டுல எழுதணும். கடுப்பாயிட்டாங்க, கிரைண்டர் போடத்தானே வந்தேன் கடை வாசல்ல நிக்கவா வந்தேன்னு. ஆனாலும் போனாங்க. மூணாவது நாள் வந்து சொன்னாங்க பாரு, ராத்திரி பத்து மணிக்கு கடைக்காரர் ஷட்டர் இறக்குறதுக்கு முன்னாடி ஃப்ரிட்ஜ் பிளக்கைப் புடுங்கி விடுறாரு, கரண்ட் பில் மிச்சமாகும்னு. உள்ள இருக்குற மாவு விடிய விடிய பொங்கி, காலைல கவர் பலூன் மாதிரி ஊதி, சில பாக்கெட் சீல் பிரிஞ்சு ஒழுகிக் கெடக்கு. வாங்குறவங்க என்ன நெனைப்பாங்க, மாவு கம்பெனிக்காரன் சோடா போட்டுட்டான்னு. புளிக்குதுன்னு எல்லாரும் சொன்னது உண்மை, ஆனா குத்தம் உளுந்துலயும் இல்ல கிரைண்டர்லயும் இல்ல, அந்த பிளக்ல இருந்திருக்கு. எந்த சர்வே ஃபாரத்துலயும் "உங்க ஃப்ரிட்ஜ் பிளக்கை எத்தனை மணிக்குப் புடுங்குவீங்க"ன்னு ஒரு கேள்வி இருக்குமா சொல்லு?

இன்னொண்ணும் பாத்திருக்காங்க. வேலைக்குப் போற பொம்பளைங்க சாயங்காலம் ஆறு ஆறரைக்கு பஸ்ஸை விட்டு எறங்கி வீட்டுக்குப் போற வழில வாங்குறாங்க. ரூம் எடுத்துத் தங்கியிருக்குற பசங்க, ஹாஸ்டல் நர்ஸுங்க, இவங்களுக்கு ஒரு கிலோ ஜாஸ்தி, அரைக்கிலோ கேட்டா கடைல இல்ல. அப்புறம் என்ன, சாயங்காலம் அஞ்சு மணிக்கு சப்ளை, கடைக்கு அன்னைக்கு விக்கிற அளவு மட்டும், அதுல பாதி அரைக்கிலோ கவர். வீட்ல இருந்த ரெண்டு லிட்டர் கிரைண்டரை வச்சே ரெண்டு வாரம் ஓட்டிப் பாருங்கன்னு சொன்னேன். டிசைன் திங்கிங்ல மாதிரி செஞ்சு பாக்குறதுன்னு பெருசா சொல்றது இதைத்தான்.

பிசினஸ் பிளானை அதுக்கப்புறம்தான் எடுத்தோம். அதுவும் கம்ப்யூட்டர்ல இல்ல, பலகைல. ஒரு கிலோ இட்லி அரிசி 44, கால் கிலோ உளுந்து 32, வெந்தயம் உப்பு 2, மொத்தம் 78க்கு சுமாரா மூணு கிலோ மாவு, அப்ப கிலோ 26. கவர், கரண்ட் எல்லாம் சேத்து 30னு வச்சுக்க. கடைக்கு 40க்குப் போடுறாங்க, அவன் 45க்கு விக்கிறான். 22 கிலோ போட்டா நாளைக்கு 220 ரூபா நிக்கும், அக்கா முகத்துல சந்தோஷம். நான் கேட்டேன், இதுல மூணு கிலோ ரிட்டன் வந்தா? கடைக்காரர் காசு குடுக்க மாட்டாருல்ல. 19 கிலோவுக்கு 760 வரும், அரைச்ச செலவு 660, கையில 100. மூணே மூணு கிலோ, பாதிக்கு மேல லாபத்தைத் தின்னுட்டுப் போயிருச்சு. அந்த அக்கா கொஞ்ச நேரம் பலகையவே பாத்துட்டு இருந்தாங்க, அப்புறம் "சார் அப்ப நான் மாவு விக்கல, ரிட்டன் வராம பாத்துக்கிற வேலைதான் செய்யுறேன்"னாங்க. அந்த 60 70 80 ரிப்போர்ட்ல ரிட்டன்னு ஒரு வரி கிடையாது மாப்ள, தேடிப் பாத்துட்டேன். அவங்க உழைப்புக்குக் கூலியும் அதுல கிடையாது, அது வேற கதை.

பெங்களூர்ல இட்லி மாவு விக்கிற ஐடி ஃப்ரெஷ் கம்பெனிக்காரங்க 2005ல ஆரம்பிச்சப்ப இருபது கடை, ஒரு நாளைக்கு 100 பாக்கெட்டுங்கிற அளவை எட்டவே ஒம்பது மாசம் ஆச்சாம். இதைச் சொன்னா எல்லாருக்கும் தைரியம் வருது. அவங்களோட வடை மாவு கவர் பாத்திருக்கியா, அமுக்குனா நடுவுல ஓட்டையோட வடை எண்ணெய்ல விழும். வடை தட்டத் தெரியாத பொண்ணு அடுப்பு முன்னாடி படுற அவஸ்தையை எவனோ நின்னு பாத்திருக்கான், வேற எப்படி அது தோணும்.

வெளிநாட்டு உதாரணம் வேணும்னா ஒண்ணே ஒண்ணு போதும். 2007ல ஸ்டான்ஃபோர்ட் பசங்க நாலு பேருக்கு மலிவு இன்குபேட்டர் செய்யணும்னு கிளாஸ் ப்ராஜெக்ட். அதுல ஒருத்தர் நேபாளம் போய்ப் பாத்தா ஆஸ்பத்திரில தானமா வந்த இன்குபேட்டர் சும்மா காலியா நிக்குது, குறைமாசக் குழந்தைங்க பொறக்குறதெல்லாம் கிராமத்துல, ஆஸ்பத்திரி வரைக்கும் வந்து சேர்றதே இல்ல. அப்புறம்தான் மெழுகு மாதிரி ஒரு பொருளை உருக்கி உள்ள வச்சு, கரண்ட்ல சொருகாமயே 37 டிகிரில நாலு மணி நேரம் நிக்கிற தூக்கப் பை செஞ்சாங்க. பின்னாடி நம்ம நாட்டு கிராமத்துல காட்டுனப்ப ஒரு அம்மா, இங்கிலீஷ் மருந்து ரொம்ப பவர், டாக்டர் சொன்ன அளவுல நாங்க பாதிதான் குடுப்போம், இதுலயும் 37னு சொன்னா 30ல தான் வைப்போம்னு சொல்லியிருக்கு. உடனே நம்பர் காட்டுறதைத் தூக்கிட்டு, சரியா இருக்கா இல்லையான்னு மட்டும் காட்டுற மாதிரி மாத்திட்டாங்க. நான் இதை கிளாஸ்ல பாதி சொல்லும்போதே ஒரு பாட்டியம்மா "பச்சப் புள்ளைக்கு யாரு சார் முழுசா குடுப்பா"ன்னாங்க. பதில் அவங்க மடியிலயே இருக்கு, நாமதான் ஸ்லைடுல தேடுறோம்.

உனக்குப் பிடிக்காத ஒண்ணையும் சொல்லிடுறேன். சப்சிடியைப் பத்தி முதல் நாளே பேசாத. பி.எம்.இ.ஜி.பி.ங்கிற மத்திய அரசு தொழில் கடன் திட்டத்துல கிராமத்துப் பொம்பளைங்களுக்கு 35 சதவீதம் சப்சிடின்னு நீ சொன்ன அடுத்த நிமிஷமே கிளாஸ்ல இருக்குற எல்லார் மனசுலயும் தொழில் மாறிப் போயிரும். அஞ்சு லட்சம் ப்ராஜெக்ட் பத்து லட்சம் ஆயிரும், ஏன்னா மூணரை லட்சம் வருதே. அந்தப் பணம் மூணு வருஷம் டெபாசிட்ல கெடக்கும், அதுவரைக்கும் தவணை இவங்கதான் ஓட்டணும்ங்கிறது யார் காதுலயும் ஏறாது. நாலாவது அஞ்சாவது நாள் சொல்லு, அதுக்குள்ள அவங்களுக்கு எவ்ளோ வேணும்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கும். மாவு அக்கா கடைசில கேட்டது ஒண்ணே கால் லட்சம், செகண்ட் ஹேண்ட் டில்டிங் கிரைண்டர், சீல் மெஷின், ஒரு ஃப்ரிட்ஜ். ஒரு பேங்க்ல இவ்ளோ சின்ன லோனுக்கு பைல் போடுறது வேலை கெட்ட வேலைன்னு சொல்லி அலைய விட்டானுங்க, எந்த பேங்க்னு சொல்ல மாட்டேன், உன் பேங்க் இல்ல, நிம்மதியா இரு.

ஒரு தொழிலையே ஒரே பக்கத்துல எழுதிப் பாக்குற ஒம்பது கட்டம் போட்ட பிசினஸ் மாடல் கேன்வாஸ் இருக்குல்ல, ஆஸ்டர்வால்டர் போட்டது, அதை நான் முழுசா சொல்லித் தர்றதில்ல. யாரு வாங்குறா, எதுக்கு வாங்குறா, காசு என்னைக்கு கைக்கு வருது, இந்த மூணு கட்டம் நெறஞ்சா மீதி தானா வரும். கடனுக்குப் போட்டு பத்து நாள் கழிச்சு காசு வாங்குறவனுக்கு அந்த மூணாவது கட்டம்தான் உயிர். அப்புறம் உங்க ஆர்செட்டில ட்ரெயினிங் முடிஞ்சு ரெண்டு வருஷம் பின்தொடரணும்னு இருக்கு பாரு, அதை ரிஜிஸ்டர்ல டிக் அடிக்கிற வேலையா ஆக்கிராத. 1982ல கர்நாடகா உஜிரேல ஆர்செட்டிக்கு முன்னோடியை ஆரம்பிச்சவங்க சும்மா ஒண்ணும் அதை வைக்கல. போன்ல "எப்படிம்மா போகுது"ன்னு கேட்டா "நல்லா போகுது சார்"னுதான் வரும், பழையபடி மரியாதை. போய் கடைல நில்லு.

இவ்ளோ பேசுறேனே, நாம 2003ல காலேஜ் வாசல்ல ஜூஸ் கடை போட்டோமே ஞாபகம் இருக்கா? உங்கப்பா குடுத்த நாப்பதாயிரம். மிக்சி, ஐஸ் பெட்டி, போர்டு எல்லாம் யோசிச்சோம், அஞ்சு வருஷம் அதே காலேஜ்ல சுத்திட்டு ஏப்ரல் கடைசில இருந்து ஜூன் வரைக்கும் ஒரு ஈ காக்கா இருக்காதுன்னு ஒருத்தனுக்கும் தோணல. ஜூஸ் விக்கிற வெயில் மாசத்துலயே கடை வாசல்ல நாய் படுத்திருந்துச்சு. அப்ப எல்லாரும் என்ன சொன்னாங்க, "செம ஐடியாடா மச்சான்"னு. அதுல பாதி பேரு ஓசி ஜூஸ்.

உன் முதல் பேட்ச்சுக்கு நான் வர்றேன், ரெண்டு நாள், தேதி மட்டும் சொல்லு. பஸ் செலவு நீ குடுத்துரு. அப்புறம் அந்த ஜூஸ் கடை கணக்கு நோட்டு, நீல அட்டை போட்டது, உங்க வீட்டுப் பரண்ல இருக்கும்னு நெனைக்கிறேன், தங்கச்சிகிட்ட சொல்லி எடுத்து வை. மே மாசப் பக்கத்தை மட்டும் பலகைல எழுதிக் காட்டணும்.

உன் பழைய பார்ட்னர்